சூலின் நாளும் விசாவின் நாளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பர்கூர் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவில் வருவது நெடுஞ்சாலையோரத் துணிக்கடைகள். ஊராருக்கோ மற்றொன்றும் நினைவில் வரும். 1994ஆம் ஆண்டு இங்குத் தொடங்கப்பெற்ற அரசு பொறியியற் கல்லூரியே அது. கல்வி பெருகியது, ஓசூரின் தொழிற்சாலைகளும் எல்லைக்கு அப்பால் பெங்களூரின் கணினி நிறுவனங்களும் பிள்ளைகளை ஈர்த்துக்கொண்டன, அங்கிருந்து கடல் கடந்தோர் பலர். இதனால் இவ்வட்டாரத்து இல்லங்களில் ஒரு புதிய கவலை குடிபுகுந்துள்ளது. மகள் கருவுற்றிருக்கிறாள் என்னும் நற்செய்தியைத் தொடர்ந்து, 'விசா எதுவரை இருக்கிறது?' என்னும் வினாவும் எழுகின்றது. முன்னாளில் மருத்துவச்சியிடம் மட்டுமே நாள் கேட்டனர். இன்று குடிவரவு அலுவலகத்திலும் நாள் கேட்க வேண்டியுள்ளது. இவ்விரு நாள்களும் மோதும்போது எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

இரு நாள்கள்

நாள் குறித்தலும் காத்திருத்தலும் தமிழ் அகப்பாடல்களுக்குப் புதியன அல்ல. குறுந்தொகையின் 287ஆம் பாடல் கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. நீரைச் சுமந்து, வானில் விரைந்தேற மாட்டாமல், மலையை நோக்கி மெல்ல நகரும் கார்மேகத்துக்கு அவர் காட்டும் உவமை, நிறைசூலின் சுமையால் நடை தளர்ந்து, புளிப்பை விரும்பி நிற்கும் பெண். அவளைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'கடுஞ்சூல்'. முதற்சூல் என்று இதற்குப் பொருள் கூறுவர். தலைப்பிள்ளைப் பேறு கடினமானது என்னும் பட்டறிவு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது.

இப்பாடலில் இருவகை நாள்கள் உள்ளன. ஒன்று, தலைவன் தன் வாழ்க்கை வசதிக்கேற்ப வகுத்துக்கொள்ளும் நாள். மற்றொன்று, மேகமும் கருவும் தத்தம் நிறைவால் எய்தும் நாள். முன்னது மனிதன் வகுத்தது, ஆதலின் மாறக்கூடியது. பின்னது மனிதன் வகுத்ததன்று. ஆதலின் அவன் விருப்பத்திற்கு மாறுவதன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையால் அண்மைக் காலத்தில் நேர்ந்த ஒரு பதற்றம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

முப்பது நாள் கெடு

2025 சனவரி 20ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அம்மண்ணில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு என்பது, அந்நாட்டு அரசமைப்பில் 1868இல் சேர்க்கப்பெற்ற 14ஆம் திருத்தத்தின் வழிவந்த நடைமுறையாகும். புதிய ஆணை அதனைச் சுருக்க முற்பட்டது. தாய் தற்காலிக விசாவில் தங்கியிருப்பவராகவும், தந்தை குடிமகனாகவோ நிலைத்த வாழுரிமை பெற்றவராகவோ இல்லாதவராகவும் இருப்பின், அவர்தம் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது. முப்பது நாள்களுக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்கே இது பொருந்தும் என்றும் வரையறுத்தது.

எச்-1பி விசாவில் பணிபுரியும் இந்தியக் குடும்பங்களில் அந்த முப்பது நாள் ஒரு வாள்போல் தொங்கியது. நியூ செர்சி, டெக்சாசு மாநிலங்களில் பணியாற்றும் இந்திய வம்சாவளி மருத்துவர்கள், முன்கூட்டியே அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட இயலுமா எனத் தம்மைப் பலர் கேட்டதாகச் செய்தியாளரிடம் கூறினர். எட்டாம் மாதத்தினரும் ஒன்பதாம் மாதத்தினரும் மட்டுமல்லர். ஏழு மாதமே நிறைந்த ஒரு பெண்ணும் கணவருடன் வந்து கேட்டதாக அச்செய்தி கூறிற்று. குறைமாதப் பேற்றினால் தாய்க்கும் சேய்க்கும் நேரக்கூடிய தீங்குகளை அம்மருத்துவர்கள் எடுத்துரைத்தனர்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? ஆணை பிறந்த மூன்றாம் நாளே, சனவரி 23இல், சியாட்டில் நகரக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதனைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்தினார். பிப்ரவரி முதல் வாரத்தில் மேரிலாந்து நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தடை விதித்தது. அஞ்சிய அந்த நாள் வந்தபோது ஆணை நடைமுறையில் இல்லை. பின்னர் சூன் 27இல் உச்ச நீதிமன்றம் நாடு தழுவிய தடைகளை விதிக்கும் கீழ் நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சுருக்கியது. சூலை 10இல் நியூ ஆம்ப்சயர் நீதிமன்றம், பாதிக்கப்படக்கூடிய குழந்தைகள் அனைவரையும் ஒரு தொகுதியாகக் கொண்டு மீண்டும் தடை விதித்தது.

இவ்வழக்குகளின் போக்கைக் காட்டிலும் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒரு நீதிபதியின் கையொப்பம் அந்தக் கெடுவை மாற்றியது. அக்கெடுவுக்கு அஞ்சி ஒரு கருவை ஏழாம் மாதத்தில் வெளிக்கொணர்ந்திருந்தால், அக்குழந்தை இழந்த வாரங்களை எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு திருப்பித் தந்திருக்கும்?

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட கரு

பிறவாத குழந்தையை அரசுகள் கணக்கில் எழுதியது தமிழர் வரலாற்றில் முன்பே நிகழ்ந்துள்ளது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு தொடர் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையினரோடு அவர்தம் 'இயற்கைப் பெருக்கமும்' சேரும் என்பது அது. அத்தொடருக்குள் அடங்கியவர்கள் இனிப் பிறக்கவிருந்த குழந்தைகள். தாயின் வயிற்றில் உருவாகுமுன்பே அவர்கள் எந்த நாட்டுக் கணக்கில் சேர்வர் என்பது தாளில் முடிவாகிவிட்டது.

குறித்த நாளில் புறப்பட்ட குடும்பங்களை ஏற்றிச் சென்ற தொடர்வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே அவர்கள் தமிழகமெங்கும் சிதறினர். பெண்கள் மிகுதியாக உழைத்த தோட்டச் சமுதாயம் அது. சூலுற்ற பெண்ணுக்கும் அதே பயணம்தான்.

பிறந்த நாளே ஒருவர் வாழ்வை நிறுக்கும் தராசாவதை இந்தியச் சட்டத்திலும் காணலாம். 1987 சூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பொதுவாகப் பிறப்பால் இந்தியர். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டத்திற்குப் புறம்பாகக் குடிபுகுந்தவராக இருத்தலும் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் இலங்கைத் தமிழ் ஏதிலியர்க்குப் பிறந்த ஒரு பெண், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் கடவுச்சீட்டுக்கு உரியவரானார். 2024இல் வாக்கும் அளித்தார். இரண்டாண்டு பின்னர் அதே முகாமில், அத்தகைய பெற்றோர்க்கே பிறந்த குழந்தைக்கு அவ்வழி திறக்கவில்லை. ஒரு தாயின் பேற்று நாளில் இத்துணைப் பாரம் ஏற்றப்பட்டிருக்கும்போது, குடும்பங்கள் பதறுவதில் வியப்பில்லை. ஆயினும் பதற்றம் வழிகாட்டியாகாது.

உடல் கேட்கும் நாள்

கரு 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பேறு. 39ஆம் வாரத்தையே முழுவளர்ச்சியின் தொடக்கமாக மருத்துவர் கொள்வர். இறுதி வாரங்களில் நுரையீரலும் மூளையும் தொடர்ந்து முதிர்கின்றன. உடலின் தேவையின்றி அவ்வாரங்களைக் குறைத்தல், மூச்சுத் திணறலுக்கும் பால் குடிக்க இயலாமைக்கும் குழந்தையை ஆளாக்கக்கூடும்.

பேற்றினை முன்கூட்டியே நிகழ்த்த வேண்டிய நிலைகளும் உண்டு. 20 வாரத்திற்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரகமும் கல்லீரலும் தாக்குறும் நிலை அவற்றுள் ஒன்று. கடுந்தலைவலி, கண்மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் என்பன அதன் அறிகுறிகள். முற்றினால் வலிப்பும் உயிரிழப்பும் நேரலாம். பேறே அதற்குத் தீர்வு. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பின் திடீர்க் குருதிப்பெருக்கு நேரலாம். இத்தகைய வேளையில் மருத்துவர் நாளை முன்தள்ளுவது தாய்சேய் உயிர் கருதி. விசா கருதி அன்று. 34 வாரத்திற்கு முன் பேறு நேரும் என்று தோன்றின், கருவின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி மருந்தளிக்கும் முறையும் உண்டு.

இந்நிலையில் உள்ள பெண்ணை, விசா முடிகிறது என்பதற்காக விமானத்தில் ஏற்றுவதும் தீங்கே. பல விமான நிறுவனங்கள் 28 வாரத்திற்குப் பின் மருத்துவச் சான்று கேட்கின்றன. 36 வாரத்திற்குப் பின் ஏற்பதில்லை. இரட்டைக் கருவாயின் எல்லை இன்னும் முந்தும். மாதத்தை மறைத்து ஏறுவோர், நடுவானில் மருத்துவமனை இல்லை என்பதை எண்ணுதல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கன

முதலாவது, தேதிகளை வேறுபடுத்தி அறிதல். கடவுச்சீட்டில் ஒட்டப்பெற்ற விசாவின் முடிவுநாள் வேறு. தங்குவதற்கு இசைவளித்த நாள் வேறு. பேறு பார்க்க அமெரிக்கா செல்லும் தாய்க்குப் பத்தாண்டு விசா இருக்கலாம். ஆயினும் ஒருமுறை நுழைந்தால் பெரும்பாலும் ஆறு மாதமே தங்க இசைவு கிடைக்கும். அந்நாள் ஐ-94 என்னும் வருகைப் பதிவில் இருக்கும். 180 நாளுக்கு மேல் மிகையாகத் தங்கி வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டுக்கு மேலாயின் பத்தாண்டும் மீண்டும் நுழையத் தடை உண்டு.

இரண்டாவது, காலம் முடியுமுன் கேட்டல். பர்கூரிலிருந்து ஒரு தாய் மகளின் ஏழாம் மாதத்திலேயே சென்றுவிட்டார் எனக் கொள்ளலாம். குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்கிறது. குழந்தை வீடு வந்து மகள் தேறும் வேளையில் தாயின் ஆறு மாதம் நெருங்கிவிடும். அப்போது மருத்துவரின் கடிதத்துடன், இசைவுநாள் முடியுமுன்பே நீட்டிப்பு விண்ணப்பம் அளித்தல் வேண்டும். முடிந்தபின் அளிக்கும் விண்ணப்பத்திற்கு வலிமை குறைவு. பல குடும்பங்களில் பெண்ணின் தாய் முதலிலும் சம்பந்தியம்மாள் பின்னருமாக மாறிமாறிச் செல்வது நல்ல ஏற்பாடாகும்.

மூன்றாவது, வேலையிழப்பு. எச்-1பி பணியாளர் வேலை இழந்தால், 2017 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, 60 நாள் வரையே அவகாசம். சார்ந்து வாழும் மனைவியின் நிலையும் அதனோடு பிணைந்தது. மருத்துவக் காப்பீடும் வேலையோடு போகக்கூடும். கருவுற்ற நாளிலேயே இதனைக் கணவனும் மனைவியும் பேசி, ஊர் திரும்ப நேரின் எந்த வாரத்திற்குள் திரும்புவது என மருத்துவரைக் கேட்டு வைத்தல் நலம்.

நான்காவது, உண்மை கூறல். குழந்தைக்குக் குடியுரிமை பெறுதலே பயணத்தின் முதன்மை நோக்கமாயின் வருகை விசாவை மறுக்கலாம் என 2020 சனவரியில் அமெரிக்கா விதி செய்தது. பொய்யுரை பின்னாளில் குடும்பம் முழுமைக்கும் கேடாகும்.

ஐந்தாவது, குழந்தையின் தாள்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் வாழ்விட இசைவு பெறுதல் வேண்டும். தவறினால் நாள்தோறும் தண்டம் உண்டு. அயல்நாட்டில் இந்தியர்க்குப் பிறந்து, அந்நாட்டுக் கடவுச்சீட்டு இல்லாத குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிதல் வேண்டும்.

தாயாக வந்த துணை

அரசுகளும் மனம் வைத்தால் நாளை வளைக்க இயலும். 2020இல் பெருந்தொற்றினால் வானூர்திகள் நின்றபோது, அயல்நாடுகளில் சிக்கிய இந்தியரை அழைத்துவர மே 7இல் தொடங்கிய வந்தே பாரத் பயணங்களில் கருவுற்ற பெண்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. அதற்கு முன்னரே வளைகுடாவிலிருந்த ஒரு கருவுற்ற பெண் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருந்தார். மே 10இல் மாலத்தீவிலிருந்து 698 பேருடன் கொச்சி சேர்ந்த ஜலஷ்வா என்னும் கடற்படைக் கப்பலில் கருவுற்ற பெண்கள் 19 பேர் இருந்தனர்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலவரலாறு அனைவரும் அறிந்தது. பேறுகாலம் நெருங்கிய செட்டிப்பெண்ணுக்குத் துணையாக வந்த தாய், காவிரியின் வெள்ளத்தால் அக்கரையில் நின்றாள். இறைவன் அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது கதை. வெள்ளம் வடியும்வரை பொறு என்று அப்பெண்ணிடம் கூறவில்லை. வெள்ளத்தைக் கடந்து வா என்றும் கூறவில்லை. அவள் இருந்த இடத்திற்குத் துணை வந்தது.

இன்றைய வெள்ளம் தேதி வடிவில் ஓடுகிறது. அதன் இக்கரையில், பர்கூரின் ஏதோ ஒரு தெருவில், கைப்பேசியை ஏந்தியபடி ஒரு தாய் நிற்கிறாள். அவள் செய்யத்தக்கது மகளை அவசரப்படுத்துவதன்று. மருத்துவர் சொல்லுக்கு முதலிடமும், விண்ணப்பத்திற்கு முன்னேற்பாடும், இயலாதபோது அங்குள்ள தோழியரின் துணையும் கிடைக்கச் செய்வதே அவளுக்கு உரிய தாய்மை. சட்டத்தின் நாளை மனிதர் எழுதினர்; மனிதர் திருத்துவர். கருவின் நாளைத் திருத்தும் உரிமை, உயிர்காக்கும் தேவை ஒன்றைத் தவிர வேறெதற்கும் இல்லை.