தோற்றவர் கட்டிய வேலி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு நாடுகள் தமக்கு அரசியலமைப்பு வகுத்துக்கொண்டன. ஒன்று போரில் தோற்ற ஜேர்மனி; மற்றது இரத்தம் சிந்தாமல் சுதந்திரம் பெற்ற நமது இலங்கை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

1945 மே 8ஆந் திகதி ஜேர்மனி சரணடைந்தது. நகரங்கள் கற்குவியலாய்க் கிடந்தன. நாட்டை நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்டன. மேற்குப் பகுதியில் புதிய அரசியலமைப்பு எழுதுவதற்காக 1948 செப்டெம்பர் 1ஆந் திகதி பொன் என்னும் நகரில் 65 பேர் கூடினர். தொடக்க விழா நடந்த இடம் ஒரு விலங்கியல் நூதனசாலை! பாடம் செய்த விலங்குகளின் நடுவே குடியரசு ஒன்றின் வேலை ஆரம்பமாயிற்று. கொன்றாட் அடெனாவர் தலைமை வகித்தார். பெண்கள் நால்வரே இருந்தனர். ஆயினும் எலிசபெத் செல்பேர்ட் அம்மையார் விடாது வாதாடி, ஆணும் பெண்ணும் சமவுரிமை உடையர் என்பதைச் சேர்ப்பித்தார். பின்வரிசையிலிருந்து கேட்கும் சகோதரிகளுக்காக இதனைச் சொல்லி வைக்கின்றேன்.

அந்த 65 பேரும் அஞ்சியது அந்நியரை அன்று. தம் நாட்டவர் உயர்த்திய கைகளையே. 1933 மார்ச் 23ஆந் திகதி சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசாங்கத்துக்குக் கையளித்தது ஜேர்மன் பாராளுமன்றமேயாம். ஆதரவு 444, எதிர்ப்பு 94. மூன்றில் இரண்டுக்கும் மேல்! கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். ஹிட்லரின் படையினர் மண்டபத்துள்ளேயே நின்றனர். எனினும் வாக்குகள் முறைப்படி எண்ணப்பட்டன.

ஆகவே புதிய அடிப்படைச் சட்டத்தின் முதலாம் உறுப்புரை, மனிதனின் மாண்பு மீறப்படலாகாது என்று தொடங்குகிறது. 79ஆம் உறுப்புரையோ, எத்துணைப் பெரும்பான்மை வந்தாலும் முதலாம் உறுப்புரையின் கோட்பாட்டைத் திருத்தித் தள்ள முடியாது என்று வேலி கட்டுகிறது. சரணடைந்த அதே மே 8ஆந் திகதி, சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 53க்கு 12 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. மே 23இல் பிரகடனமாயிற்று. எல்லாரும் ஒரே இரவில் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஹிட்லரிடம் உத்தியோகம் பார்த்த பலர் பழைய நாற்காலிகளிலேயே அமர்ந்திருந்தனர். ஆனால் 1990இல் கிழக்கும் மேற்கும் இணைந்தபோதும் அந்தச் சட்டமே நிலைத்தது.

நம்மிடமும் ஒரு வேலி இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் இடையூறு செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. 1953இல் அச்சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வேலி இருந்தது, ஆடு தோட்டத்துள் நின்றது! 1964இல் அதே கழகம் அப்பிரிவு மாற்றமுடியாதது என்றும் கருத்துரைத்தது. ஆனால் 1972 மே 22ஆந் திகதி புதிய குடியரசு யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவு அதில் இல்லை.

நான் படித்த மிஷன் பாடசாலையில் நடந்த ஒரு சிறு சங்கதி. கிரிக்கெட் பயிற்சியை வெள்ளிக்கிழமை நண்பகலில் வைக்கலாமா என்று வாக்கெடுத்தோம். பெரும்பாலானோர் கை உயர்த்தினோம், நானும் உயர்த்தினேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டிய மூன்று முஸ்லிம் நண்பர்கள் ஒன்றும் பேசாமல் குழுவிலிருந்து விலகினர். மூவரில் ஒருவன் எங்கள் முதன்மைப் பந்துவீச்சாளன். அந்தத் தவணை முழுவதும் தோற்றோம்.

கல்முனையில் இது நமக்குப் புரியாத கதையன்று. தீவு முழுவதையும் எண்ணினால் தமிழரும் முஸ்லிம்களும் சிறுதொகையினர். ஊரை எண்ணினால் நாம் சிறுதொகை. சில வட்டாரங்களில் அவர்கள் சிறுதொகை. பிரதேச செயலகப் பேச்சு எழும்போதெல்லாம் இரு பக்கத்தவரும் தலைகளையே எண்ணுகிறோம். எண்ணிக்கைக்கு அப்பால் எவற்றை வைப்பது என்று நாம் சேர்ந்திருந்து பேசியதுண்டா? பெரியோர்களைத்தான் கேட்கின்றேன், எனக்கு நினைவில்லை.

அந்தப் பந்துவீச்சாளன் இன்று பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழன். இவ்வுரையை முதலிற் கேட்டவன் அவனே. "வெள்ளிக்கிழமைச் சங்கதியை விட்டுவிடாதே" என்றான். சொல்லிவிட்டேன்.