சொறியும் சூடும்



நாவல் மரத்தின் பெயர் தாங்கிய திருநாவலூரில், யாரும் போற்றாத கொடி ஒன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். பட்டால் அரிக்கும் அதற்குச் செந்தட்டி என்றும் காஞ்சொறி என்றும் பெயர். பின்னதில் சொறியே இருக்கிறது. வேல்சு மொழியினர் தம் நாட்டு அரிப்புச் செடியின் பெயரோடு ‘பொய்த்தியொன்’ என்று சேர்ப்பர். சூடானவை என்பது பொருள். அரிக்காத ஒத்த செடியோ அவர்களுக்குச் ‘செத்தது’. காஞ்சொறி ஆமணக்குக் குடும்பம். அவர்களுடையது வேறு குடும்பம். இரண்டிற்கும் பெயரிட்டது தோல்தான்.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் கபிலர். அவர் வழிவந்த நாமோ, ‘ஏதோ ஒரு செடி’ என்று எழுதிக் கடக்கிறோம். களையெடுக்கும் மூதாட்டியரிடம் பெயர் கேட்டு எழுதுங்கள். அவர்களோடு அச்சொற்களும் மறைய விடாதீர்கள்.