பதிலி ஆட்டக்காரர் இல்லாத அணி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடக்குப்பட்டு என்றதும், 2022இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர்தானே என்று கேட்பார்கள். நான் அந்த ஊர்க்காரி. இந்தப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்களிடம் உடற்கல்வி ஆசிரியர் இல்லாததால் விளையாட்டுப் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. உங்களில் பலருக்கும் இதே நிலைதான்.

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு 14 வயதுக்குட்பட்ட மாணவியர் கபடி அணியை அழைத்துச் சென்றேன். அணியில் 12 பேர் இருக்கலாம். களத்தில் 7 பேர் ஆடுவார்கள். எங்களிடம் இருந்தது மொத்தமே 7 பேர். எட்டாவது ஆள் ஒடிசாவைச் சேர்ந்த சிறுமி. நன்றாகப் பாடிப் போவாள். அவளுடைய அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒப்பந்த வேலை முடிந்ததும் குடும்பமே ஊர் மாறிவிட்டது. எதிரணிப் பள்ளியில் 1,400 பேருக்கு மேல் படிக்கிறார்கள். முதல் பாதியிலேயே எங்கள் பிள்ளை ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. மாற்ற ஆள் இல்லை. மீதி 6 பேரும் கடைசி வரை ஆடித் தோற்றார்கள். நாக் அவுட் முறை என்பதால் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பினோம்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அவங்க ஸ்கூல்ல எத்தனை பேரு?” சொன்னேன். “அப்போ நாம தோத்தது சரிதான்” என்றாள். தோல்வி எனக்கு வருத்தமில்லை. அது சரிதான் என்று பதிமூன்று வயதில் அவள் முடிவு கட்டிவிட்டாளே, அதுதான் உறுத்துகிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8 வரை 100 பேருக்கு மேல் படித்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. ஆக, பள்ளி சிறியதாக இருந்தால் ஆட ஆளும் குறைவு, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. ஆசிரியர் நியமனத்தில் எண்ணிக்கையைப் பார்க்கிறோம். போட்டி அட்டவணை போடும்போது மட்டும் அதைப் பார்ப்பதில்லை.

பிற நாடுகளில் இதைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சியர்லீடிங் என்றொரு குழுப் போட்டி இருக்கிறது. நம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் பிரமிடு கட்டுவது போல, ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தி ஆடுவது. அங்கே 125 பேர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள பயிற்சிக்கூடங்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. மிகச் சிறிய பள்ளிகள் 11 பேருக்குப் பதிலாக 6 பேரோடு அமெரிக்கக் கால்பந்து ஆடுகின்றன. ஆளில்லாத பள்ளியை வெளியே நிறுத்தாமல் ஆட்டத்தையே அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள்.

“இது சலுகை கேட்பதாகாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். 14, 17, 19 என்று வயதுப் பிரிவு வைத்திருக்கிறோமே, அதை யாராவது சலுகை என்கிறோமா? குத்துச்சண்டையில் எடைப் பிரிவு இருக்கிறதே?

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஓடுகிற பிள்ளையின் பள்ளி எவ்வளவு பெரியது என்று நிறுத்தற்கடிகாரத்துக்குத் தெரியாது. தனிநபர் போட்டிகள் இப்போதுள்ளபடியே நடக்கட்டும். குழு ஆட்டங்களிலும், பள்ளிகளின் புள்ளிகளைக் கூட்டித் தரும் ஒட்டுமொத்தச் சாம்பியன் பட்டத்திலும்தான் ஆள்பலம் முடிவைத் தீர்மானிக்கிறது.

அதனால் மூன்று யோசனைகள். ஒன்று, ஒட்டுமொத்தப் புள்ளிப் பட்டியலோடு, மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்த இன்னொரு பட்டியலையும் வெளியிடலாம். எண்ணிக்கை எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டாம். இரண்டு, குழு ஆட்டங்களில் முதல் சுற்றை லீக் முறையில், ஓரளவு சம எண்ணிக்கையுள்ள பள்ளிகளுக்குள் நடத்தலாம். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஆட்டமாவது கிடைக்கும். அடுத்த சுற்றில் எல்லாரும் கலந்து ஆடட்டும். சிறிய பள்ளிக்கென்று மட்டமான கோப்பை எங்களுக்கு வேண்டாம். மூன்று, சனிக்கிழமைகளில் பக்கத்து உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் கூட்டுப் பயிற்சி. முதல் இரண்டும் மேலே முடிவாக வேண்டியவை. மூன்றாவதை இந்த அறையில் இருக்கும் நாமே தொடங்கிவிடலாம்.

பெரிய பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளியில் 12 பேர் அணிக்குப் போன பிறகு, ஆட ஆசைப்பட்ட மற்ற பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுகிறார்கள். எங்கள் பள்ளியில் ஆசைப்பட்ட அத்தனை பேரும் ஆடுகிறார்கள். சனிக்கிழமை மைதானம் அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுடைய தங்கை எங்களிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கபடிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் தோற்றால் தோற்கட்டும். “அடுத்த ஆட்டம் எப்போ டீச்சர்?” என்று என்னிடம் கேட்க வேண்டும். அதற்கு நான் சொல்ல ஒரு தேதி வேண்டும்.