பேர் போட்ட கணக்கு

இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் மிகச் சிறியது: பேர்.

‘கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்?’ என்று கேட்கிறோம். ஆட்டுக்கோ மாட்டுக்கோ இந்தச் சொல் ஒட்டாது. மனிதரை எண்ணும்போதே வரும். பெயர் என்பதன் பேச்சு வடிவமே பேர். இருவர், மூவர், நால்வர் என்று ஏட்டுத் தமிழ் எண்ணிய இடத்தில் பேச்சுத் தமிழ் இரண்டு பேர், மூன்று பேர் என்றது. எண்ணப்படுகிறவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மொழி அவரை எண்ணுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த சங்கதி.

சப்ரகமுவத் தோட்டங்களில் இச்சொல் வேறொரு வேலைக்குப் போயிற்று. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் பெண்ணிடம் ‘இந்த மாசம் எத்தனை பேர்?’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு ஆட்களைச் சொல்லமாட்டாள். ‘பதினெட்டுப் பேர்தாங்க’ என்பாள். பதினெட்டு நாள் வேலை என்று பொருள். அவள் ஒருத்தியே பதினெட்டுப் பேர்!

காரணம் எளிது. காலைப் பெரட்டில் ஆட்களைக் கணக்கெடுத்து, செக்ரோலில் அவரவர் பெயருக்கு நேரே அன்றைய நாளைப் பதிவார்கள். அதுதான் ‘பேர் போடுவது’. போட்ட பேருக்கே சம்பளம். பழைய நாளில் கங்காணிக்கும் இந்த எண்ணிக்கையில் ஆதாயம் இருந்தது. வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று ‘பென்ஸ் காசு’ பெற்றார். 1872இல் இலங்கை ரூபா, சதத்துக்கு மாறிய பின்னும் பென்ஸ் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

இரத்தினபுரியும் கேகாலையும் மழைக்குப் பேர்போன மாவட்டங்கள். நனைந்த மரத்தில் பால் வெட்டினால், பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையோடு கழுவுண்டு போகும். ஆகவே மழைநாள், பேர் விழாத நாள்.

இதைவிட என்னை உறுத்துவது ‘அரைப்பேர்’. குறித்த அளவு கொழுந்தோ பாலோ சேராவிட்டால், நாள் முழுக்க நின்றவளுக்கும் பாதி நாட் கணக்கு. தமிழ் இலக்கணத்தில் ஒருவர் உண்டு, அரைவர் கிடையாது. தோட்டத்துச் செக்ரோலில் அரைவரும் பிறந்தார்! 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டு அரைப்பேர் போடுகிறார்கள் என்ற முறைப்பாடும் அதன் பின்னாலேயே வந்தது. ஆயிரம் ரூபா முழுப்பேருக்குத்தானே?

பெரட்டு என்ற சொல் ‘பரேட்’ என்னும் ஆங்கிலத்திலிருந்து வந்தது. பட்டாளத்துச் சொல் கொழுந்து மலைக்கு ஏறிய அந்தக் கதையை அடுத்த கிழமை பார்க்கலாம்.