ஓப்பனாகச் சொன்னால்

இந்த வேலூர் வெயிலில் கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் பட்டதாரிகளே,

‘ஓப்பன்லி’ என்றொரு ஆங்கிலச் சொல். இருபத்துநான்கு வயதில் அது என் மானத்தை வாங்கியது. ஒரு நாளிதழில் மொழிபெயர்க்கச் சேர்ந்த புதிது. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுநீரைப் பாலாற்றில் ‘ஓப்பன்லி’ விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ‘வெளிப்படையாக விடுகிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, “அவ்வளவு நேர்மையானவங்களா?” என்றார்.

ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னாலும் அதே சொல்தான், சட்டத்தை மீறினாலும் அதே சொல்தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. மனம்விட்டு அழுகிறோம், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறோம், அப்பட்டமாகப் பொய் சொல்கிறோம். எழுதுகிறவன் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். (‘ஓப்பனா சொல்றேன்’ என்று தொடங்குகிறவர் பாதியை விழுங்கிவிடுவார் என்பது வேறு கதை.)

திருத்தி, ‘பட்டப்பகலில்’ என்று போட்டேன். அதுவும் தப்பு. ஆம்பூர்ப் பக்கம் போய் விசாரித்தபோது, “மழை வந்தா ராத்திரில தொறந்து விட்டுடறாங்க” என்றார்கள். திறந்துதான் விட்டார்கள், யார் கண்ணிலும் படாமல்.

இந்தத் தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. வயல், சாலையோரம், நீர்வழி, திறந்தவெளி என்று கழிவு போன இடங்களை அது வரிசையாகச் சொல்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதையும் சொல்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது.

உங்களில் வேதியியல் படித்தவர்கள் நாளை இந்தக் கழிவுநீரில் குரோமியம் அளக்கும் மேசையில் உட்காரலாம். அங்கே வினையடைக்கு வேலையில்லை. எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சுலபம்.

ஆம்பூர்ப் பக்கம் விசாரிக்கப் போன அன்று ஒரு பாட்டி தன் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு நீட்டினார். ஒரு வாய் வைத்தேன். நாக்கு சுருண்டது.

“எப்டி கீது?”

“கொஞ்சம் கரிக்குது பாட்டி.”

“கொஞ்சமா? ஓப்பனா சொல்லு நைனா.”