மகளிர் கால்பந்து லீக்கும் நம் பெண்மக்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

எமக்கு முன் பேசிய நண்பர்கள் உதவித்தொகை பற்றியும், விடுதி பற்றியும், தேர்வு முடிவுகள் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தனர். யாம் விளையாட்டுத் திடலைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். கல்விச் சங்கத்தின் மேடையில் கால்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பெண் கற்றுத் தேர்வதற்குத் திறமை மட்டும் போதாது. காலமும் வாய்ப்பும் வேண்டும் என்பதை இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அதே உண்மையை 2019ஆம் ஆண்டின் இந்திய மகளிர் லீக் பருவம் நமக்குத் திடலில் காட்டிற்று. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

லீக் என்பது யாது? நம் ஊர்களில் பொங்கலுக்கும் திருவிழாவிற்கும் நடக்கும் பந்தயங்களில் ஒருமுறை தோற்ற அணி அன்றே ஊர் திரும்ப வேண்டும். லீக் முறை அவ்வாறன்று. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டும். இன்று தோற்றவர் தம் குறையை அறிந்து, பயிற்சி செய்து, அடுத்த வாரம் வெல்லலாம். காலில் அடிபட்டவர் தேறி வந்து மீண்டும் ஆடலாம். ஓராண்டு முழுதும் பாடம் நடத்துவதற்கும், ஒரே நாளில் தேர்வு வைத்து அனுப்பிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது என்று ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். ஆட்டக்காரர் உருவாவது லீக்கிலேதான்.

நம் நாட்டுப் பெண்கள் கால்பந்துக்குப் புதியவர் அல்லர். இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் தோன்றியது. 1980இல் கோழிக்கோட்டில் நடைபெற்ற ஆசிய மகளிர் போட்டியில் இந்திய அணி இரண்டாமிடம் பெற்றது; 1983இல் மீண்டும் அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் ஆடவர்க்குத் தேசிய லீக் 1996இல் தொடங்க, மகளிர்க்கு அது 2016-17இல்தான் கிட்டியது. இருபதாண்டு இடைவெளி! அந்த முதற்பருவத்தின் இறுதிச் சுற்று புதுதில்லியில் டாக்டர் அம்பேத்கர் பெயர் தாங்கிய விளையாட்டரங்கில் நடைபெற்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆறே அணிகள் அச்சுற்றில் ஆடின. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வாகை சூடிற்று. அரியானாவின் அலக்புரா என்னும் சிற்றூரின் அணியும் அவ்வாறனுள் ஒன்று. அவ்வூர்ப் பெண்கள் கால்பந்தைக் கற்றது ஒரு பெரிய பயிற்சிக் கூடத்தில் அன்று. அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடத்திலே. அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் இதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி 2019க்கு வருவோம். அவ்வாண்டு தமிழகத்திற்கு இரட்டைப் பெருமை வாய்த்தது. மார்ச் மாதத்தில் சென்னை சிட்டி அணி ஆடவருக்கான ஐ-லீக்கை வென்றது. மே மாதத்தில் மதுரையின் சேது கால்பந்துக் கழகம் மகளிர் லீக்கை வென்றது. தமிழக அணி ஒன்று மகளிர் லீக்கை வென்றது அதுவே முதன்முறை. இரு வெற்றிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சென்னை சிட்டிக்கு அப்பருவத்தில் 20 ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கி மார்ச்சு வரை நீண்டது பருவம். பாதி ஆட்டங்கள் கோவையில், தம் சொந்த மக்கள் முன்னிலையில் நடைபெற்றன. சேது அணிக்கோ, பிரிவு ஆட்டங்களும் அரையிறுதியும் இறுதியுமாக ஏழே ஆட்டங்கள். மே 5ஆம் நாள் தொடங்கி 22ஆம் நாள் முடிந்தது பருவம். 12 அணிகளும் பஞ்சாபின் லூதியானா நகரிலேயே, கோடை வெயிலில் ஆடி முடித்தன. குருநானக் விளையாட்டரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என்னும் கோல் கணக்கில் சேது அணி வென்றது. அக்கோப்பைக்காக அவ்வணி ஆடிய ஆட்டங்களில் ஒன்றையேனும் மதுரை மக்கள் தம் ஊரில் காணவில்லை.

அன்பர்களே, 18 நாட்களில் ஒரு தேசியப் பருவம் முடிந்துவிடுமாயின், எஞ்சிய நாட்களில் அப்பெண்கள் என்ன செய்வர்? ஆண்டில் மூன்று வாரம் மட்டும் ஆட்டக்காரியாக இருப்பவளுக்கு ஆண்டு முழுதும் ஊதியம் தருபவர் யார்? சத்துணவு தருபவர் யார்? "பந்தாடி என்ன கண்டாய்?" என்று வீட்டார் கேட்டால் அவள் என்ன விடை சொல்வாள்? பருவத்தின் குறுமை, ஆட்டத்தின் குறை மட்டும் அன்று. ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியையே குறுக்கிவிடும் தடை.

இத்தடையையும் மீறி வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். வாகை சூடிய அவ்வணியில் ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா இரங்கநாதன் இருவரும் கடலூர் மாவட்டத்தினர். இந்திய அணிக்கும் ஆடிப் புகழ் பெற்றனர். இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் பெற்றார். அவ்வணியில் ஆடிய நேபாளத்து வீராங்கனை சபித்ரா பண்டாரி பின்னாளில் பிரான்சு நாட்டுக் கழகம் வரை சென்றார். 2018இல் ஷில்லாங்கில் நடைபெற்ற இரண்டாம் பருவத்திலேயே கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தின் அணி ஆடியுள்ளது. 2018இல் தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைத் தமிழகம் முதன்முறையாக வென்றது. ஆகவே 2019இன் வெற்றி ஒரே நாளில் விளைந்த கனி அன்று. மாவட்டத் தலைநகர் ஒன்றில், ஒரு திடலும் விடாமுயற்சியுள்ள பயிற்சியாளரும் இருந்தமையால், பல ஆண்டுகள் நீர் வார்த்து வளர்ந்த மரத்தின் கனி.

காலம் மாறி வருகிறது என்பதையும் கூற வேண்டும். 2023-24 பருவத்தில் மகளிர் லீக் முதன்முறையாகச் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக நடைபெற்றது. ஏழு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டங்கள், டிசம்பர் முதல் மார்ச்சு வரை பருவம். 2024-25இல் எட்டு அணிகளாகி, ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள் ஆயின. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் வென்றது. அதே பருவத்தில் ஆடவரின் இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். சமன் இன்னும் வரவில்லை. ஆயினும் வழி திறந்துவிட்டது. 2025 சூலையில் இந்திய மகளிர் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். அன்றைய இரு கோல்களையும் அடித்தவர் வங்காளத்தின் சங்கீதா பாஸ்போர்.

இவற்றால் நாம் பெறும் பாடம் என்ன? நம் சேரிகளிலும் காலனிகளிலும் ஓடி ஆடும் சிறுமியர்க்குக் கால் வலிமைக்குக் குறைவில்லை. நாற்று நடும் தாயின் மகள் நெடுநேரம் வெயிலில் நிற்க அஞ்சமாட்டாள். அவளுக்குக் குறைவது திடலும் ஆட்ட நாட்களுமே. ஊர்ப் பொதுத்திடலில் இறங்கத் தயங்கும் நிலை இன்றும் சில இடங்களில் நம் பிள்ளைகளுக்கு உண்டு. அவ்விடங்களில் பள்ளித் திடல் ஒன்றே அவர்களுக்கு உரிமையுள்ள நிலம்.

ஆதலின் யாம் மூன்று வேண்டுகோள்களை இம்மன்றத்தின் முன் வைக்கிறோம். முதலாவது பெற்றோர்க்கு: பெண் பூப்பெய்திய அன்றோடு அவள் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். பத்தாம் வகுப்புக்குள் பந்தை விட்டவள் எந்த லீக்கையும் எட்டமாட்டாள். இரண்டாவது ஆசிரியர்க்கு: விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் ஆங்கிலத்திற்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். திடலில் ஓடி வந்த பிள்ளை வகுப்பில் சோர்வதில்லை என்பது எம் பல்லாண்டுப் பணியில் யாம் கண்டது. மூன்றாவது இச்சங்கத்திற்கு: ஆண்டு விழாவில் ஒரு நாள் பந்தயம் நடத்திக் கோப்பை தருவதோடு அமையாது, சுற்று வட்டாரப் பள்ளிகளின் பெண்கள் அணிகளைக் கொண்டு சூலை முதல் டிசம்பர் வரை, சனிக்கிழமைதோறும், ஒரு சிறு லீக் நடத்துங்கள். ஆறு பள்ளிகள் சேர்ந்தால் ஓர் அணிக்குப் பத்து ஆட்டங்கள் கிடைக்கும். அவற்றுள் ஐந்து அவரவர் ஊரில். செலவு பெரிதன்று: பந்துகள், பூட்ஸ்கள், பேருந்துக் கட்டணம், ஆட்டம் முடிந்ததும் ஒரு முட்டையும் வேர்க்கடலையும்.

2019இல் தேசிய வாகை சூடிய அணிக்கு அப்பருவத்தில் கிடைத்தவை ஏழு ஆட்டங்களே. நம் வட்டாரத்துச் சிறுமியர்க்குப் பத்து ஆட்டங்கள் தர நம்மால் இயலும். தம் மகள் ஆடுவதைத் தம் ஊர்த் திடலில் நின்று தாய் தந்தையர் காணும் நாளை இச்சங்கம் தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதல் ஆண்டிலேயே உண்டாக்குமாக. அதற்குத் தலைமையாசிரியர்களாகிய யாம் எம் பள்ளித் திடல்களைத் திறந்து வைத்துத் துணை நிற்போம் என்று உறுதி கூறி விடைபெறுகிறோம்.