கட்டிலும் அதன் காரியமும்: மாநாட்டுத் தலைமை உரை

மருத்துவமனைக் கணக்குகளோடு காலங்கழித்தவன் பேச எழுந்தால் கேட்பவர்களுக்கு உண்டாகும் கவலையில் பாதியாவது அவனுக்கும் உண்டு.

அரசு மருத்துவமனைகளின் படுக்கை வசதியும் அதன் பயன்பாடும் என்பது நமக்கு வகுத்துத் தந்திருக்கும் பொருள். அதன் பொதுப் போக்கை உங்கள் முன் விஸ்தரிப்பது வீண். ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி 1946-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கையே உண்டென்று கணக்கிட்டதும், அக்கமிட்டியில் அங்கம் வகித்த டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் பின்னர் தம் தலைமையில் அமைந்த குழுவின் மூலம் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் இலக்கை வைத்ததும், இங்கிலாந்திலோ 1987-88-இல் ஏறத்தாழ மூன்று லட்சமாக இருந்த படுக்கைகள் முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியதும் நீங்கள் அறிந்தவையே. நாம் கூட்டப் பாடுபட்டுக் கொண்டிருக்கையில் அவர்கள் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதைக் கண்டு, நாமும் குறைக்கலாமே என்று ஒரு கட்சி நம்மிடையே கிளம்பியிருக்கிறது. அக்கட்சியினர் தவறாமல் சாட்சிக்கு அழைப்பது நம் சென்னையைத்தான் என்பதால், எஞ்சிய நேரத்தை அந்தச் சாட்சிக்கே ஒதுக்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956-இல் தொடங்கி, 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். முழுவதும் வாசித்தவர்கள் சொற்பம் என்று சொன்னால் யாரும் கோபிக்கலாகாது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு கூறாக்கி, ஒரு கூறை சானடோரியத்தில் கிடத்தியும் மறு கூறை வீட்டில் வைத்தும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் தாதியரின் பராமரிப்பும் பெற்றவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், நெருக்கமான வீட்டில் அரைவயிற்று உணவோடு இருந்தவர்களில் 86 பேருக்கும் கிருமிகள் அடங்கின. வீட்டிலுள்ளோருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய்ப் படுக்கைகள் காலியாவதற்கு இந்த முடிவு பெருங்காரணமாயிற்று. இன்று தாம்பரம் சானடோரியம் என்பது பலருக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர் மட்டுமே.

ஆனால் வீட்டில் இருந்தவனைத் தன்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்று எண்ணுவோர், அறிக்கையின் முடிவுரையோடு புத்தகத்தை மூடியவர்களாகத்தான் இருக்க வேண்டும். மருந்து வாங்க அவன் நிலையத்துக்கு வரவேண்டியிருந்தது. சுகாதாரப் பார்வையாளர்கள் அவன் வீட்டுப் படியேறினார்கள். மருந்தை விழுங்கினானா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். கட்டில் செய்துவந்த காரியத்தை மனிதர்களும் மருந்தும் கண்காணிப்பும் ஏற்றுக்கொண்ட பிறகே கட்டில் தேவையற்றதாயிற்று. அந்தக் காரியத்தை யார் தலையில் ஏற்றுவது என்று தீர்மானிக்காமல் கட்டிலை மட்டும் அகற்றுவோர், சென்னை ஆராய்ச்சியின் பெயரைச் சொல்ல அருகதை அற்றவர்கள் என்பது என் அபிப்பிராயம். பிரசவித்தவளை மூன்றாம் நாள் அனுப்பி, சராசரித் தங்கல் குறைந்தது என்று மகிழும் வார்டுக்கும், அவள் வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் போனாரா என்று கேட்கும் வார்டுக்கும் கணக்கேடு இன்று ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது.

இனி, மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முந்தைய கூட்டமொன்றில் என்னை மறுத்துரைத்த விவகாரத்தைச் சுருக்கமாகத் தொடுகிறேன். நூற்றுக்கு 85-க்கு மேல் படுக்கை நிரம்பினால் ஆபத்து என்பதைச் சாசுவத விதியாக அவர் பிரஸ்தாபித்தார். அதற்கு மூலமான, 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பாகஸ்ட் முதலிய மூவர் எழுதிய கட்டுரை, அவசர நோயாளிகளின் வரவைக் கணினியில் பாவனை செய்து பெற்ற முடிவு. அவ்வளவில் அது உத்தமமான வேலை. ஆனால் படுக்கை இல்லையென்று யாரையும் திருப்பாமல், பாய் விரித்தாவது சேர்த்துக்கொள்ளும் நம் வார்டுகளில், தரையில் படுத்திருப்பவர் நோயாளிகள் தொகையில் சேர்கிறார், அவருடைய பாயோ படுக்கைகள் தொகையில் சேர்வதில்லை; ஆகவே நூற்றுக்கு 120 என்று வரும் எண்ணைக் கண்டு நண்பர் அதைப் பதிவுப் பிழை என்றார், தரை நோயாளிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றும் யோசனை கூறினார். நீக்கினால் எண் ஒழுங்காகிவிடும் என்பது மெய்தான். வார்டில் இருப்போரை நள்ளிரவில் எண்ணி எடுக்கும் அதே கணக்கு, காலையில் வந்து டயாலிசிஸ் முடித்து மாலையில் வீடு திரும்புகிறவரைக் காண்பதே இல்லை என்பதையும் அவர் கவனித்தால் நலம்.

ஆதலால் தரை நோயாளிகளுக்கும் பகல் நோயாளிகளுக்கும் வார்டு ஏட்டில் தனித்தனிப் பத்தி வேண்டும் என்னும் தீர்மானத்தைப் பிற்பகல் அமர்வில் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். தலைவர் தீர்மானம் கொண்டுவருவது மரபா என்று செயலாளர் முகம் சுளிப்பது தெரிகிறது. மரபு இல்லையென்றால் வேறொருவர் கொண்டுவரட்டும். நண்பர் எதிர்த்துப் பேசுவார் என்றே எதிர்பார்க்கிறேன். அவருக்கு வேண்டிய நேரத்தை நானே ஒதுக்கித் தருவேன்.